வாய்விட்டு எண்ணுதல்

தெருவில் அவளுக்குப் பெயர் கம்பியக்கா. எரிந்துபோன மோட்டாருக்கு மறுபடி காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுவது வேலை. தண்ணீர் பம்பு, கடைசல் எந்திரம் போன்ற பெரியவற்றைப் புருஷன் பார்த்துக்கொள்வார். டிரில், மிக்சி, தையல் மிஷின் என்று கையில் அடங்குகிறவை அவளிடம் வரும். அவற்றின் நடுவில் சுழலும் ஆர்மேச்சரை அவள் கையாலேயே சுற்றுவாள். முடி போன்ற செப்புக் கம்பி அதன் உடம்பில் வெட்டியிருக்கும் ஒரு பள்ளத்தில் இறங்கி எதிர்ப் பள்ளத்தில் ஏறும். ஒவ்வொரு சுற்றையும் எண்ண வேண்டும். ஒரு காயிலில் எண்ணிக்கை தப்பினால் மோட்டார் காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணும்போது அவள் பேச மாட்டாள். உதடுகூட அசையாது. கடை வாசலில் வண்டி கவிழ்ந்தாலும் அந்தக் காயிலை முடித்துக் கம்பியை முறுக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் தலை நிமிர்வாள். பக்கத்து மேஜையில் புருஷனும் அப்படியே. இருவருக்கும் நடுவே ஒருநாளில் பேச்சு என்று நடப்பது சோற்று வேளையில்தான்.

இந்த மௌனத்தில் மாட்டிக்கொண்டு தவித்தது நாத்தனார். மாடியில் குடியிருப்பவள். கடையின் முன்மேஜையில் உட்கார்ந்து வருகிற மோட்டார்களை வாங்கிவைப்பாள். பேசாமல் இருந்தால் அவளுக்குத் தலை வலிக்கும்.

"அண்ணி, ஒரே ஒரு வார்த்தை சொல்லு. வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். டீ சொல்லட்டுமா?"

பதில் இருக்காது.

"ஊமைக்கோட்டான்" என்று சொல்லிவிட்டு இரண்டு டீ சொல்வாள். காயில் முடிந்ததும் கம்பியக்கா, "எனக்குச் சர்க்கரை கம்மியா" என்பாள். அதற்குள் டீ வந்து ஆறியிருக்கும்.

இவள் கட்டிக்கொடுத்த மோட்டார் திரும்பி வந்ததில்லை. அதனால் ஒரு தச்சர் டிரில்லைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்தபோது நாத்தனார் முதலில் அவரைத்தான் சந்தேகப்பட்டாள்.

"கீழ போட்டீங்களா?"

"நான் ஏம்மா போடுறேன்? ஓட்டினா தீப்பொறி பறக்குது. கையில பிடிக்க முடியல, அவ்வளவு சூடு."

கம்பியக்கா அதைக் கழற்றி, வெட்டி, கம்பியை உருவிப் பார்த்தாள். ஒரு காயிலில் சுற்று குறைந்திருந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஏழெட்டு. புருஷன் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

சில நாள் கழித்து நாத்தனார்தான் கண்டாள். டீயை மேஜையில் வைக்க வந்தவள் நின்றுவிட்டாள். கம்பியக்காவின் வலக்கைக் கட்டைவிரல் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் வலதுபக்க வாய் இழுத்தது. கண் கம்பியின் மேலேயே இருந்தது. பிறகு எல்லாம் நின்றது. கை பழையபடி சுற்றத் தொடங்கியது.

"அண்ணி!"

கம்பியக்கா காயிலை முடித்தாள். கொக்கியில் மாட்டினாள். "என்னடி?" என்றாள்.

"உனக்கு என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியலையா?"

தெரியவில்லை. ஆனால் அந்தக் காயிலை உருவி எண்ணிப் பார்த்தபோது அதிலும் குறைந்திருந்தது.

*

ஸ்கேன் படத்தில் இடப்பக்க மூளையின் முன்பகுதியில், பேச்சும் கையும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில், ஒரு வெளுப்பு. ஓரம் தெளிவாக இல்லை. ஈரச் சுவர் போல இருந்தது. மூளை அறுவை மருத்துவர் நடுவயதுக்காரர். அவசரப்படாமல் பேசினார். எதிரே மூன்று நாற்காலிகளில் கம்பியக்கா, புருஷன், நாத்தனார்.

"மூளைல ரெண்டு மாதிரி செல் இருக்கு. ஒண்ணு சேதி கொண்டு போற நரம்பு செல். இன்னொண்ணு அதுக்குத் துணையா இருக்கிறது. க்ளையல் செல்னு பேரு. நரம்புக்குத் தீனி குடுக்கும், சுத்தம் பண்ணும், நரம்பு இழை மேல உறை சுத்தும். அந்தத் துணைச் செல்லுங்க கணக்கு வழக்கு இல்லாம பெருக ஆரம்பிச்சா அதுக்கு க்ளையோமான்னு பேரு. படத்தைப் பார்த்தா உங்களுக்கு அதுதான்னு தோணுது. மெதுவா வளர்ற வகை மாதிரி தெரியுது. எடுத்துச் சோதிச்சுப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"கேன்சரா சார்?" என்றார் புருஷன். அன்று முழுவதும் அவர் பேசிய முதல் சொல் அது.

"அந்த வகையிலதான் வரும். ஆனா எல்லாமும் ஒரே வேகம் இல்ல. சிலது மாசக்கணக்குல ஓடும். சிலது வருஷக்கணக்குல நகரும்."

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கம்பியக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஒயரு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இன்சுலேஷன்லதான் கோளாறு."

மருத்துவர் சிரித்தார். "கிட்டத்தட்ட."

"அப்படின்னா முழுசா எடுத்துருங்க. நாங்க எரிஞ்ச மோட்டார்ல ஒரு காயிலை மட்டும் மாத்த மாட்டோம். மொத்தத்தையும் வெட்டி உருவி எறிஞ்சுட்டுப் புதுசாத்தான் கட்டுவோம். மிச்சம் வச்சா அது திரும்பி வரும்."

"அங்கதான் வித்தியாசம். உங்க கிட்ட புதுக் கம்பி இருக்கு. என்கிட்ட இல்ல."

அவள் படத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொல்றேன். உங்க இன்சுலேஷன் வச்ச இடத்துல இருக்கும். இது நகரும். நரம்பு இழைங்களைப் பிடிச்சுக்கிட்டே தூரம் போகும். கட்டின்னு நாம சொல்றோமே தவிர, சுண்டைக்காய் மாதிரி தனியா உருண்டு இருக்காது. ஓரத்துல பார்த்தா பாதி நோய், பாதி நல்ல மூளை. எங்க நோய் முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. அதனால நான் நோயோட ஓரத்தைத் தேட மாட்டேன். உங்க பேச்சோட ஓரத்தையும் கையோட ஓரத்தையும் தேடுவேன். அது வரைக்கும் எடுப்பேன். அங்க நிப்பேன்."

"எப்படித் தேடுவீங்க?"

"உங்களை முழிக்க வச்சு. மூளைக்கு வலி தெரியாது. தோலை மரத்துப்போக வச்சுருவோம். கொஞ்சம் கொஞ்சமா கரண்டு வச்சுத் தொட்டுப் பார்ப்பேன். தொட்ட இடத்துல பேச்சு நின்னா, அந்த இடம் வேணும்னு அர்த்தம். கை நின்னாலும் அப்படித்தான்."

"கரண்டு வச்சா?" என்றாள் நாத்தனார்.

"நம்ம டெஸ்ட் லாம்பு வச்சு ஒயரு ஓடுதான்னு பார்க்கிற மாதிரி" என்றாள் கம்பியக்கா, அவளைப் பார்க்காமல்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நாத்தனார் கேட்டாள்: "பயமா இருக்கா அண்ணி?"

"டாக்டரு கை நடுங்கல. பார்த்தேன்."

"அது சரி. உனக்கு?"

"எடுத்தா முழுசா எடுக்கணும். அதுதான் எனக்கு. மிச்சம் வச்சு மூடினா தினமும் அதையேதான் நெனச்சுக்கிட்டு இருப்பேன்."

இதைச் சொல்லும்போது அவள் இடக்கையால் வலக்கைக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முழுசாகப் போகவும் வேண்டும், கையும் முழுசாக இருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வராது என்று நினைத்தபடி புருஷன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

*

அறுவைக்கு முன் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருத்தி வார்டுக்கு வந்தாள். இளம்பெண், வேகமாகப் பேசுகிறவள். கையில் படங்கள். குடை, சாவி, வாத்து, நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் "இது குடை", "இது சாவி" என்று முழுசாகச் சொல்ல வேண்டும். கம்பியக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

"சூப்பர் அக்கா. இப்போ கை. இப்படி மூடித் திறக்கணும். அவ்வளவுதான்."

கம்பியக்கா ஒருமுறை மூடித் திறந்தாள். "இது ஒரு வேலையா?"

"அக்கா?"

"கையை மூடித் திறக்கறது கொழந்தைகூட செய்யும். என் கை செய்யற வேலையை வச்சுப் பாருங்க. அது போனா எனக்கு மூடித் திறக்கற கை எதுக்கு?"

பயிற்சிப் பெண் போய் மருத்துவரைக் கேட்டு வந்தாள். அவர் சரி என்றுவிட்டார். சின்னதாக, சுத்தமாக ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் காலை நாத்தனார் ஒரு ஆர்மேச்சரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். பள்ளங்களில் காகிதம் செருகிக் காலியாக இருந்தது. கூட ஒரு சுருள் கம்பி. தாதி எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்தாள்.

"இது அந்தத் தச்சரோட டிரில்லு ஆச்சே" என்றாள் கம்பியக்கா.

"கையில கிடைச்சதை எடுத்துட்டு வந்தேன். நீ அங்க போயும் வேலை செய்வேன்னு அடம் பிடிக்கிறே, எனக்கு என்ன தெரியும்?" என்றாள். பிறகு குரல் மாறி, "நல்லபடியா வந்துரு அண்ணி. உன்னைத் திட்டாம எனக்குப் பொழுது போகாது" என்றாள்.

ஆர்மேச்சர் வந்ததும் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டது. படங்களைத் தனியாகப் பழகியிருந்தார்கள். சுற்றுவதை யாரும் பழக்கிவிட வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

*

அரை மயக்கத்தில் டிரில் சத்தம் கேட்டது. பிறகு விழிப்பு வந்தது. தலை பிடிமானத்தில் அசையாமல் இருந்தது. முகத்துக்கு முன்னால் நீலத்துணிக் கூடாரம். உள்ளே பயிற்சிப் பெண்ணின் முகம், மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்.

"அக்கா, எப்படி இருக்கீங்க?"

"கழுத்து வலிக்குது. டாக்டர், உங்க டிரில்லுக்குக் காயில் யாரு கட்டுறாங்க?"

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அது காத்துல ஓடுறதும்மா. காயிலே கிடையாது."

"அப்போ எனக்குப் பொழப்பு இல்ல" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

முதலில் படங்கள் மட்டும். இது குடை. இது சாவி. ஓரிடத்தில் கரண்டு வைத்துத் தொட்டபோது "இது" என்பதோடு நாக்கு நின்றது. கரண்டை எடுத்ததும் வாத்து வந்தது. அந்த இடத்தில் எண் போட்ட சின்னக் காகிதத் துண்டு ஒன்றை வைத்தார் மருத்துவர். அப்படியே நோயைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனார். நேரம் போயிற்று.

"இப்போ கையும் சேர்த்து" என்றார்.

ஆர்மேச்சரை அச்சில் சுழலும்படி கைப்பலகையில் பிளாஸ்திரி போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஊசி ஏறிய இடக்கையின் விரல் நுனியால் அவள் அதைத் திருப்பினாள். வலக்கை கம்பியைப் பள்ளத்தில் இறக்கியது. ஒன்று. இரண்டு. கட்டைவிரல் சொன்னபடி கேட்டது. உள்ளே ஒரு நிம்மதி இறங்கியது.

"இது என்ன அக்கா?"

படத்தில் பறவை. தெரிந்தது. அவள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது என்ன?"

"பேசுறாங்களா?" என்றது துணிக்கு அந்தப் பக்கம்.

"இல்ல சார்."

"கரண்டை நான் எடுத்துட்டேன். இப்போ?"

"இப்பவும் இல்ல சார். கை ஓடுது. கண் கம்பி மேல இருக்கு."

"வலிப்பா இருக்குமோ. மூளை மேல ஊத்த ஐஸ் வாட்டர் குடுங்க."

இதெல்லாம் அவள் காதில் விழுந்தது. கடையில் இருக்கும்போது தெருச் சத்தம் விழுவதுபோல விழுந்தது. பதினெட்டு. பத்தொன்பது. யாரோ பேசுகிறார்கள். முடித்துவிட்டுச் சொல்லலாம்.

"அக்கா, நான் பேசுறது கேக்குதா? அக்கா?"

இருபத்திரண்டு.

"சரி" என்றார் மருத்துவர். குரல் தாழ்ந்திருந்தது. "இந்த இடம் முழுக்கப் பேச்சுதான் போல. இதுக்குப் பின்னாடி இருக்கிறதை விட்டுருவோம். இங்கயே நிறுத்திக்கலாம்."

நிறுத்திக்கலாம்.

கை ஒரு கணம் பள்ளத்துக்கு மேல் நின்றது. வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து நடுவில் விட்ட காயில் அவளுக்கு ஒன்றுகூட இல்லை. இப்போது வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும்.

"நிறுத்தாதீங்க" என்றாள். "எண்ணிட்டு இருந்தேன்."

பயிற்சிப் பெண்ணின் கையிலிருந்த படம் தாழ்ந்தது.

"என்ன அக்கா?"

"எண்ணிட்டு இருந்தேன். எண்ணும்போது பேச மாட்டேன். பேசினா போயிடும். இப்போ போயிடுச்சு."

"அய்யோ அக்கா! எனக்கு உயிரே போயிடுச்சு!"

"பறவை" என்றாள் கம்பியக்கா. "இது பறவை. அப்பவே தெரியும்."

துணிக்கு அந்தப் பக்கம் மருத்துவர் நீளமாக மூச்சு விட்டார். "பேச்சு நின்னதாவே நெனச்சுட்டேன். பாதிக்குப் பாதி விட்டுட்டு மூட இருந்தேன். இனிமே வாய்விட்டு எண்ணுங்க."

"வாய்விட்டா? பக்கத்து ஆளுக்குக் குழம்புமே."

"இங்க வேற யாரும் காயில் கட்டலம்மா."

இதற்குத் தாதியே சிரித்துவிட்டாள்.

"முதல்லேருந்துதான் எண்ணுவேன்" என்றாள் கம்பியக்கா. சுற்றியதை உருவினாள். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, தன் குரலில் தன் எண்ணிக்கையைக் கேட்டாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு குரலும் கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. மருத்துவர் அதே இடத்தில் மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தார். எண்கள் நிற்காமல் வந்தன. இந்த இடத்தில் வைக்க எடுத்திருந்த காகிதத் துண்டைத் தட்டிலேயே போட்டுவிட்டு உள்ளே போனார்.

ஒரு காயில் முடிந்தது. இன்னொன்று. மூன்றாவதில், "முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, முப்…" என்றாள். "முப்… முப்…"

எண் தலைக்குள் பளிச்சென்று இருந்தது. கை அதைச் சுற்றி முடித்து அடுத்ததற்கும் போனது. வாய் மட்டும் அதை வெளியே தரவில்லை. பூட்டின கடைக்குள் விளக்கு எரிகிற மாதிரி.

அவர் கரண்டை எடுத்ததும், "முப்பத்தொம்பது" என்றாள்.

தொட்டார். நின்றது. எடுத்தார். வந்தது. மறுபடியும் அப்படியே.

"டாக்டர், இது நான் இல்ல. இப்போ நெசமாவே நின்னுச்சு."

"தெரியுது. இங்க நோயும் இருக்கு, நரம்பும் ஓடுது. ரெண்டும் பின்னிக்கிட்டு இருக்கு."

மோட்டாரை வார்னிஷில் முக்கி எடுத்தால் அது கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இறங்கி இறுகிவிடும். அதைச் சுரண்டி எடுக்கப் போனால் கம்பி அறுந்துவிடும். ஓடுகிற மோட்டாரில் யாரும் அதைச் செய்வதில்லை. இது அவளுக்கு எப்போதும் தெரிந்ததுதான். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஓடுற ஒயருன்னா கை வைக்காதீங்க" என்றாள்.

"வைக்கல" என்றார். அங்கே நிறுத்தினார்.

*

சோதனை முடிவு வந்தபோது நோய்க்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது: ஒலிகோடென்ட்ரோக்ளையோமா. நரம்பு இழைமேல் உறை சுற்றுகிற செல்களைப் போன்ற செல்கள். மெதுவாக வளர்கிற இரண்டாம் நிலை. நாத்தனார் அதை வழியெல்லாம் சொல்லிப் பழகினாள், யாராவது கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்று.

"பெரும்பகுதி வந்துடுச்சு" என்றார் மருத்துவர். "ஓரத்துல கொஞ்சம் இருக்கு. போயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். மரபணுச் சோதனையும் நல்ல பக்கமாத்தான் வந்திருக்கு. கதிருக்கும் மருந்துக்கும் கட்டுப்படுற வகை. இப்போதைக்கு விடாம ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். அசைஞ்சா கதிரும் மருந்தும் ஆரம்பிச்சுடலாம்."

"பார்த்துக்கிட்டே இருக்கறதுன்னா, மீட்டர் மாதிரி" என்றாள் கம்பியக்கா.

"மீட்டர் மாதிரிதான்."

முதலில் சில வாரங்கள் சொற்கள் தாமதமாக வந்தன. கரண்டியைக் கேட்க நினைத்துச் சாவியைக் கேட்டாள். நாத்தனார் சாவியைக் கொடுத்துவிட்டு, "குழம்பை இதால கிண்டு" என்றாள். பிறகு சரியாயிற்று. வலிப்புக்கு மாத்திரை தொடர்ந்தது.

கடைக்கு வந்த முதல் நாள் தச்சரின் ஆர்மேச்சரை எடுத்து வைத்தாள். மருத்துவமனையில் சுற்றிய மூன்று காயில்கள் அதில் அப்படியே இருந்தன. மூன்றாவது முடியும் முன்பே அன்று நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கம்பி வெட்டாமல் சுருளோடு தொங்கியது.

புருஷன் கட்டரை நீட்டினார். எண்ணிக்கை நிச்சயமில்லாத காயிலை உருவி எறிவதுதான் கடை வழக்கம்.

அவள் அதை வாங்கவில்லை. முடிந்த இரண்டையும் மீட்டரில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தன. மூன்றாவதின் சுற்றுகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். வாய் நின்ற இடங்களில் கை நிற்கவில்லை. ஒன்றும் குறையவில்லை. தொங்கிய கம்பியைப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

வழக்கம்போல் உதடு அசையவில்லை. சற்று நேரத்தில் நாத்தனாரின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"அண்ணி?"

கம்பியக்கா சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி!" நாத்தனார் ஓடிவந்து முகத்துக்கு நேரே குனிந்தாள். புருஷன் எழுந்து நின்றிருந்தார். அவர் கையிலிருந்த கம்பி அவிழ்ந்து தரையில் ஓடியது.

அவள் இருவரையும் பார்த்தாள். பழைய மௌனம் இனி இந்த வீட்டுக்கு ஆகாது என்று அவளுக்குப் புரிந்தது.

"அம்பத்தொண்ணு" என்றாள் உரக்க. "அம்பத்திரெண்டு."

நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இத்தனை வருஷமா பேசு பேசுன்னேன். பேச ஆரம்பிச்சா நம்பராச் சொல்றா."

"அம்பத்திமூணு."

"கொஞ்சம் மெதுவா எண்ணேன்" என்றார் புருஷன் தரையில் கம்பியைத் தேடிக்கொண்டே. "எனக்குப் போயிடுது."

"அம்பத்திநாலு. நீங்களும் வாய்விட்டு எண்ணுங்க. அம்பத்தஞ்சு."

டிரில் தயாரானதும் தச்சர் வந்து ஓட்டிப் பார்த்தார். பொறி இல்லை. சூடு இல்லை. காதருகே வைத்துக் கேட்டார்.

"இப்போதான் அக்கா உங்க கை தெரியுது" என்றார்.

அவர் படியிறங்கும்வரை நாத்தனார் சிரிப்பை அடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "எங்க வச்சுச் சுத்தினதுன்னு கூப்பிட்டுச் சொல்லட்டுமா அண்ணி?"

கம்பியக்கா அடுத்த ஆர்மேச்சரின் பள்ளத்தில் காகிதம் செருகி முடித்திருந்தாள்.

"சொன்னா திருப்பிக் குடுத்துருவாரு" என்றாள். "ஒண்ணு."